துடைக்காமல் பாருங்கள்

மேசையின் மேல் மல்லாந்து கிடந்த போனின் திரை, யாரும் அதன் பக்கம் குனியாமலே அணைந்தது.

பேசும்போது திரை அணைய வேண்டியதுதான். காதில் வைத்தால் இருளும், எடுத்தால் விழிக்கும். காது வைக்கும் துளைக்குப் பக்கத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கிறது. ஏட்டில் அதற்கு அண்மை உணரி என்று பெயர். பணிமனையில் ‘கண்’ என்பார்கள். முகம் நெருங்குவதைக் கண் பார்த்துவிட்டால் திரை இருண்டுவிடும். இங்கே நெருங்குவதற்கு முகம் ஏதும் இல்லை. கறுப்புக் கம்பளி ஒட்டிய நான்கு சுவர்கள், ஒரு நீள மேசை, அதிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நாற்காலியில் பரிசோதகர். அவ்வளவுதான். போனோடு கம்பியால் இணைத்திருந்த கணினியில் ‘தொலைவில்’ என்று பச்சை எழுத்தில் இருந்த சொல் மறைந்து, ‘அருகில்’ என்று வந்து நின்றது.

பரிசோதகர் நாற்காலியை இன்னும் ஒரு முழம் பின்னால் தள்ளினார். சொல் மாறவில்லை.

காலை பதினொன்றரை மணி. கதவுக்கு அந்தப் பக்கம் நல்ல வெயில், தேநீர்க் குவளைகளின் சத்தம், யாரோ யாரையோ கேலி செய்து சிரிக்கும் சத்தம். இந்த அறை மட்டும்தான் இருட்டு. வெளிச்சம் விழுந்தால் கண் ஏமாந்துவிடும் என்பதால் இந்தப் பரிசோதனையை எப்போதும் இருட்டில்தான் செய்வார்கள். போனின் ஒலிபெருக்கியில் பரிசோதனை எண்ணின் பதிவுக் குரல், ஒரு பெண்ணின் குரல், அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

“இது பரிசோதனை அழைப்பு. முடித்துக்கொள்ள, எண் ஒன்றை அழுத்தவும்.”

அழுத்துவதற்கு எண் இல்லை. கறுப்புக் கண்ணாடிதான் இருந்தது. சில நொடிகள் கழித்து, குனிந்திருந்த யாரோ நிமிர்ந்ததைப் போலத் திரை விழித்தது. தொலைவில்.

தூசியாக இருக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்தார்.

அந்தத் துணியால்தான் பணிமனையில் அவருக்குத் ‘துணி சார்’ என்று பெயர். எந்தப் போன் வந்தாலும் முதலில் துடைப்பார், பிறகுதான் பார்ப்பார். பரிசோதனை முறையை எழுதி அச்சடித்து எல்லா மேசையிலும் ஒட்டவைத்தவர் அவர்தான். அதில் முதல் வரி: ‘திரையை உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைக்கவும்.’

எண் பொத்தானே இல்லாத தொடுதிரைப் போன் கடைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாங்கியவர்கள் பெருமையாகத் தடவிக்கொண்டே வந்து குறை சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. அவசரத்துக்குத் திறந்தால் உறைந்து நிற்கிறது. ஒருவரின் போன் சட்டைப்பைக்குள் இருந்தபடியே மேலதிகாரியை அழைத்து, அவரைப் பற்றி இவர் பேசியதையெல்லாம் அவருக்கே ஒலிபரப்பிவிட்டது. இன்னொருவர் மாமியாரோடு பேசும்போது கன்னம் பட்டு இணைப்பு அறுந்துவிட்டது. வேண்டுமென்றே வைத்துவிட்டார் என்று வீட்டில் மூன்று நாள் யாரும் அவரோடு பேசவில்லை. கன்னம் பட்டு அறுகிறது என்ற புகார்தான் அதிகம். அதனால் நிறுவனம் ஒரு திருத்தம் செய்தது. கண்ணுக்கு முகம் தெரிந்துகொண்டிருக்கும்வரை திரை எதற்கும் விழிக்காது. பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினாலும் விழிக்காது. அந்தத் திருத்தம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் பரிசோதகரும் ஒருவர்.

அதன் பிறகு வந்தாள் சலவைக்காரி. பெரிய மருத்துவமனை ஒன்றின் நிலவறையில், படுக்கை விரிப்புகளை வெளுத்து உலர்த்தும் கூடத்தில் வேலை செய்பவள். விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

“சார், நான் காதுல இருந்து எடுத்துட்டேன். போன்தான் ஒத்துக்க மாட்டேங்குது.”

“என்னம்மா ஒத்துக்கல?”

“இன்னும் என் கன்னத்துலயே இருக்கறதா நெனச்சுக்கிட்டிருக்கு. கறுப்பாவே நிக்குது. கட் பண்ணவும் முடியல, நம்பர் அமுக்கவும் முடியல.”

அவர் வாங்கித் துடைத்தார், பார்த்தார். நன்றாக இருந்தது. இரண்டே வாரத்தில் திரும்ப வந்தாள்.

“எங்க இடம் பூரா ஆவி சார். வேர்வை ஊத்தும். நீங்க ஏசியில உக்காந்து துடைச்சுத் துடைச்சுப் பாத்தா அது நல்ல புள்ளையாட்டம்தான் இருக்கும். ஒரே ஒரு தடவ துடைக்காம பாருங்க.”

முன்மேசையில் போன்களை வாங்கி வைக்கும் பெண் சிரித்துவிட்டாள். “அக்கா, துணி சாரப் பாத்துத் துடைக்காதீங்கன்னு சொல்றீங்களே! அவரு வீட்டுல தோசக்கல்லக் குடுத்தாலும் தொடச்சுட்டுத்தான் சூடான்னு பாப்பாரு.”

சலவைக்காரியும் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் அவர் கை துடைத்து முடித்திருந்தது. சீட்டில் எழுதினார்: ‘குறை காணப்படவில்லை. பயன்படுத்தும் முறையில் பிழை.’ கீழே கையெழுத்து.

வியர்வைப் படலம் கண்ணை மூடினால் அது அந்தப் படலத்தையே முகம் என்று நினைக்கும் என்பது அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்குத் தோன்றியது. தோன்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை வந்தது அவள் கணவர். பஸ் ஓட்டுநர். சீருடையிலேயே வந்திருந்தார். போன் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. கண்ணாடிமேல் எதுவும் படாதபடி ஓரங்களில் அட்டை வைத்து, குழந்தையைக் கொண்டுவருவது போல் கொண்டுவந்தார்.

“உலர்த்தற ரூம் கதவு வெளிப்பக்கம் சிக்கிக்கிச்சு சார். உள்ள அவ மட்டும். காவல் அறைக்குப் போன் போட்டிருக்கா. அங்க ஆள் எடுக்கறதில்ல, மெஷின்தான் பேசும். அவசரம்னா ஒண்ண அமுக்குன்னு சொல்லும்.” பையை இன்னும் கெட்டியாகப் பிடித்தார். “நாப்பத்தொரு நிமிஷம் அந்த லைன் ஓடியிருக்கு. கதவத் தொறந்தப்ப, அந்த வெக்கையில உசுரு போயிருந்துச்சு.”

பரிசோதகர் அவர் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

“ஜாலியா போன்ல பேசிக்கிட்டு உள்ளயே உக்காந்துட்டான்னு எழுதிட்டாங்க சார், மருத்துவமனையில. என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. நாப்பத்தொரு நிமிஷம் இருந்துச்சே, அம்மா ஏன் எனக்கு ஒரு போன் பண்ணலன்னு கேக்கறா. அவளுக்கு நான் என்ன சொல்ல? திரை எழும்பல, அதான் முடியலன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. வேற எதுவும் வேணாம்.” பையை மேசைமேல் வைத்தார். “அவ கன்னம் பட்ட கறை அப்படியே இருக்கு. சார்ஜ் போடும்போதுகூட நான் கண்ணாடியத் தொடல. துடைக்காம பாருங்க சார்.”

“பாக்கறேன். நீங்க வெளியில உக்காருங்க.”

இருட்டறைக்குள் வந்து, பையைப் பிரித்து, போனை வெளியே எடுத்து, மேசையில் வைத்து, இணைப்புக் கம்பியைச் செருகினார். அவர் நினைப்பு முழுவதும் நாற்பத்தொரு நிமிடத்தில் இருந்தது. கை தன் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது. கணினியைப் பார்த்துத் திரும்பியபோதுதான் துணி கையில் இருப்பது தெரிந்தது. கண்ணாடி பளபளவென்று இருந்தது. துணியில் ஈரமாக, மங்கலாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பரிசோதனை எண்ணை அழைத்தார். அதற்குப் பிறகுதான் திரை அணைந்து விழித்தது.

இப்போது தூசி என்று சொல்லிக்கொண்டு இரண்டாம் முறை துடைத்துவிட்டு, போனை நடுமேசையில் வைத்துக் கைகளைத் தொடையின்மேல் கோத்துக்கொண்டு பார்த்தார். பச்சைச் சொல்லின் வெளிச்சத்தில் கண்ணாடி காலியாக இருந்தது. குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது, அதன் குளிருக்குள், வேறெங்கோ ஒரு கதவைத் திறந்துவிட்டது போல, கொதிநீரில் அவிந்த பருத்தித் துணியின் வாசனை மெல்ல நுழைந்து, சோப்புக் காரம் மூக்கின் உள்சதையைத் தொட்டு, பிறகு அதற்கும் அடியில் மனித வியர்வையின் உப்பு வாசனையாகத் தங்கியது. அவர் தன் அக்குளை முகர்ந்து பார்த்தார். அவருடையது இல்லை.

திரை அணைந்தது.

கண்ணாடியின் மேல் ஓரத்தில், காது வைக்கும் துளைக்குக் கீழே, பனி படிவதுபோல் ஒரு வெண்மை படிந்தது. முதலில் ஒரு நாணயமளவு. பிறகு அகன்றது. கன்னத்து எலும்பு அழுந்தும் இடம் தெளிவாகவும், அதைச் சுற்றி மங்கலாகவும், கீழே தாடை முடியும் இடத்தில் வளைந்தும், உதட்டோரத்தின் சுருக்கம்வரை தெரிந்த ஒரு பக்க முகத்தின் கறை. வெண்மை ஓரிடத்தில் திரண்டு துளியாகிக் கண்ணாடியின் ஓரத்துக்கு ஓடியது.

“முடித்துக்கொள்ள, எண் ஒன்றை அழுத்தவும்.”

பயந்தார். அதைவிட வெட்கப்படத்தக்க ஒன்று பயத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நிம்மதி. அழித்த சாட்சி திரும்பி வந்துவிட்டது. இப்போது எழுதலாம். குறை இருக்கிறது, கண்ணால் பார்த்தேன், திரை எழவில்லை என்று எழுதி, வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதர் கையில் கொடுக்கலாம். அவர் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்தபோது வெயில் கண்ணில் குத்தியது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் பாதி எழுந்தார். பரிசோதகர் அவரைப் பார்க்காமல் மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளரும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“உக்காருய்யா. என்ன, மொகம் வெளுத்துக் கெடக்கு?”

“குறை இருக்கு. கண்ணு மறைஞ்சா திரை எழும்பல. இப்பதான் பாத்தேன்.”

மேலாளர் இழுப்பறையிலிருந்து பழைய சீட்டுகள் இரண்டையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். தயாராகவே வைத்திருந்தார் போலிருக்கிறது.

“இது யார் கையெழுத்து?”

“என்னதுதான்.”

“இது?”

“என்னதுதான்.”

“ரெண்டு தடவ இல்லன்னு எழுதினவன் மூணாவது தடவ இருக்குன்னு எழுதினா என்னய்யா அர்த்தம்? அந்தம்மா வந்து சொல்லிச்சு, நீ கேக்கலன்னு அர்த்தம். நான் கம்பெனியக் காப்பாத்தப் பாக்கல. உன்னத்தான் பாக்கறேன்.”

“கறை இருக்கு. துடைச்சாலும் திரும்பி வருது.”

மேலாளர் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “அப்ப திரும்பத் துடை. உன் வேலையே அதுதானே?”

அந்தச் சொல்லில் கிண்டல் இல்லை. அக்கறைதான் இருந்தது. பரிசோதகருக்கு அந்த அக்கறை வேண்டியிருந்தது. மருத்துவமனை சொன்னதை மறுத்து எழுத அவர் யார்? செத்தவள் திரும்பிவரப் போகிறாளா? வீட்டுக் கடைசிப் பெண்ணின் படிப்பு, தன் முழங்கால், இன்னும் இருக்கும் ஆறு வருடச் சேவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்து வழிவிட்டு நின்றன. பேனாவை எடுத்தார். ‘குறை காணப்படவில்லை.’ அடுத்த வரியை எழுத அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை எழுதிப் பழகிய வரி.

“இத மட்டும் குடுத்தா பத்தாது. அதே மாடல்ல இருபது எடுத்து ஓட்டிக் காட்டிடு. எல்லாம் நல்லா இருக்குன்னு பட்டியலும் பின்னால சேந்துட்டா யாரும் வாயத் தொறக்க முடியாது.”

சேமிப்பறையிலிருந்து இருபது புதிய போன்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவர் இருட்டறைக்குத் திரும்பினார். சலவைக்காரியின் போனைப் பார்க்காமலே துணியால் பிடித்து, பைக்குள் தள்ளி, சீட்டோடு சேர்த்துத் தைத்து, முன்மேசைப் பெண்ணிடம் கொடுத்தாகிவிட்டது. “அவர்கிட்ட இப்பவே குடுக்காத. இந்த வேல முடியட்டும், நானே சொல்றேன்.” சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

கதவிலிருந்து தொடங்கி மேசையின் கடைசிவரை, ஒரு சாண் இடைவெளியில், இருபதையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் துடைத்து, கணினியின் கம்பியில் இணைத்தார். ஒவ்வொன்றிலும் பரிசோதனை எண்ணை அழைத்தார். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, வரிசையின் கடைசியில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது, இருபது சின்ன வெள்ளைச் சதுரங்கள் இருட்டில் ஒரு தெருவின் விளக்குகளைப் போல அவருக்கும் கதவுக்கும் நடுவே நீண்டு கிடந்தன. அவற்றிலிருந்து அந்தக் குரல், ஒன்றுக்கொன்று அரை நொடி முந்தியும் பிந்தியும், கிணற்றுக்குள் பேசினாற்போல் எழும்பிக்கொண்டிருந்தது. கணினியில் இருபது வரிகளில் ஒரே சொல் இருபது முறை. தொலைவில். தொலைவில். தொலைவில். அவர் மூச்சு சீரானது. பத்து நிமிடம் ஓடினால் போதும்.

ஏழாவது நிமிடத்தில் குளிர்சாதனத்தின் உறுமல் நின்றது.

நின்றதும் வெக்கை வந்தது. மெதுவாக ஏறும் வெக்கை அல்ல, கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் வெக்கை. ஆனால் கதவு திறக்கவில்லை. அவிந்த பருத்தி. சோப்பு. உப்பு.

கதவோரத்தில் இருந்த முதல் போன் அணைந்தது.

அவர் அதையே பார்த்தார். அது விழித்தது. இரண்டாவது அணைந்தது. ஒருவர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, ஒரு சாண் நகர்ந்து, அடுத்ததன்மேல் குனிவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். மூன்றாவது. விழித்த திரைகளில் வெண்மை படிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே பக்கக் கன்னம்.

நான்காவது. ஐந்தாவது.

எழுந்து ஓடலாம். ஓட வேண்டிய கதவு அந்தப் பக்கம் இருந்தது.

“எண் ஒன்றை அழுத்தவும்.” “ஒன்றை அழுத்தவும்.” “அழுத்தவும்.”

ஒன்பதாவது போனிலிருந்து அணைந்தவை விழிக்கவில்லை. முன்னால் விழித்தவையும் ஒவ்வொன்றாக அணைந்தன. இப்போது அது தேடவில்லை. வந்துகொண்டிருந்தது. பதினொன்று. பன்னிரண்டு. கணினியில் பச்சைச் சொற்கள் மேலிருந்து கீழாக மாறின. அருகில். அருகில். அருகில். சொட்டுச் சொட்டாகத் தரையில் ஏதோ விழும் சத்தம். பதினாறு. சட்டை முதுகோடு ஒட்டியது. பதினெட்டு.

கணினியும் அணைந்தது.

கடைசிப் போன் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் வெளிச்சத்தில் தன் கை துணியைத் தேடுவதைப் பார்த்தார். பிறகு கை தெரியவில்லை.

இருட்டு. இருபது குரல்கள்.

சட்டைப்பையில் அவருடைய சொந்தப் போன் இருந்தது. எடுத்தார். வெளிச்சம் வந்தது. விரல் வழுக்கியது, திரும்ப அமுக்கினார், முன்மேசைக்கு அழைப்பு போனது. காதில் வைத்தார். மணி அடித்தது. ஒன்று. இரண்டு. யாராவது வந்து கதவைத் திறந்தால் போதும். மூன்று.

கண்ணாடி சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தது.

மெத்தென்று இருந்தது.

கையை உதறினார். போன் தரையில் விழுந்து மேசைக்காலில் மோதும் சத்தம் கேட்டது. கை காலியாக இருந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தார், காலிதான். ஆனால் கன்னத்தில் அழுந்தியிருந்தது விலகவில்லை. ஈரமான, கொதிக்கும் தோல். கன்னத்தெலும்போடு கன்னத்தெலும்பு. அவர் தலையைத் திருப்பினார். அதுவும் திரும்பியது.

தரையில் கிடந்த போனிலிருந்து முன்மேசைப் பெண்ணின் குரல் சின்னதாகக் கேட்டது.

“சார்? சொல்லுங்க சார். அந்த டிரைவர் அண்ணன் இன்னும் உக்காந்துதான் இருக்காரு. போன்ல கோளாறு இருந்துச்சா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னாரு. என்ன சார் சொல்லட்டும்?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அவர் கன்னத்தோடு ஒட்டியிருந்த தாடையும், அதே நேரத்தில், மெல்லத் திறந்தது.